சந்தா கட்டியாயிற்று, தேடக் கற்றுத்தருவது யார்?

ஆய்வுக் கட்டுரைகள் வரும் இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டிக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு நிர்வகிக்கும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். செய்திகளில் வந்த எண்கள் இவை. அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் ஒருவருக்கு இவற்றால் என்ன ஆகப்போகிறது என்பது மட்டும் இந்த எண்களிலிருந்து தெரியாது.

ஆய்விதழ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், 13,000 இதழ்களிலிருந்து தன் கட்டுரைக்கு வேண்டிய நான்கைப் பொறுக்கி எடுப்பது தனி வித்தை. அதைச் சொல்லித்தரும் பொறுப்பு பல நாடுகளில் கல்லூரி நூலகத்திடம் இருக்கிறது. நூலகம் என்றால் புத்தகம் எடுத்துக்கொடுத்துத் தேதி முத்திரை குத்தும் இடம் என்றே பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். இந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை அமெரிக்கக் கல்லூரிகளை வைத்துப் பார்ப்பது எளிது. அங்கே அறுபது ஆண்டுகளாகச் செய்து பார்த்து, தோற்று, திருத்தி வந்திருக்கிறார்கள்.

## மூன்று வேலைகள்

நூலகம் கற்பிக்கிறது என்று சொல்லும்போது மூன்று தனித்தனி வேலைகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.

1. ரெஃபரன்ஸ் சேவை. மாணவர் ஒரு கேள்வியோடு வருகிறார். நூலகர் அவரோடு அமர்ந்து, அந்தக் கேள்விக்கு மட்டும் வழி தேட உதவுகிறார்.

2. நூலகப் பயிற்றுவிப்பு. தகவலைத் தேடுவது, எடைபோடுவது, மேற்கோள் காட்டுவது ஆகியவற்றை நூலகர் ஒரு வகுப்புக்கே கற்பிக்கிறார். இதனால் கிடைக்கும் திறனுக்குத் தகவல் எழுத்தறிவு என்று பெயர். 1974-இல் பால் ஜுர்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது.

3. பாடத் துணைப்பயிற்சி. கணிதத்திலோ வேதியியலிலோ கட்டுரை எழுதுவதிலோ தடுமாறும் மாணவருக்கு, அதே பாடத்தை நன்றாகப் படித்து முடித்த மூத்த மாணவர் உதவுகிறார். இதை நடத்துவது வேறு துறையாக இருந்தாலும், பல கல்லூரிகளில் நடக்கும் இடம் நூலகம்.

மூன்றாவதை நம் ஊர் ட்யூஷனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. ட்யூஷன் என்பது பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து நடத்துவது, பெரும்பாலும் காசுக்கு. துணைப்பயிற்சியில் பாடம் மறுபடி நடப்பதில்லை. மாணவர் எந்த அடியில் இடறினார் என்று கண்டுபிடிப்பதோடு வேலை முடிகிறது.

## நாக்கில் வரும் கேள்வியும் நெஞ்சில் இருக்கும் கேள்வியும்

வாசகரிடம் பேசுவதும் நூலகரின் வேலைதான் என்று அமெரிக்காவில் முதலில் அழுத்தமாக வாதிட்டவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நூலகர் சாமுவேல் கிரீன், ஆண்டு 1876. இந்தியாவில் அதைக் கொள்கையாகவே வகுத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார்; லண்டன் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடையவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும்; வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். அலமாரி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், வாசகருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் இந்த இரண்டு விதிகளையும் நிறைவேற்ற முடியாது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தனக்கு என்ன வேண்டும் என்பதை வாசகர் பெரும்பாலும் சொல்வதில்லை. ராபர்ட் டெய்லர் என்ற ஆய்வாளர் 1968-இல் இதைக் கூர்மையாக விளக்கினார். அவர் கணக்கில் ஒரு கேள்விக்கு நான்கு நிலைகள் உண்டு. முதலில் உள்ளே ஏதோ உறுத்துகிறது, சொல் இல்லை. பிறகு மங்கலாக ஓர் எண்ணம் உருவாகிறது. அடுத்து அதுவே தெளிவான கேள்வியாகிறது. கடைசியில், ‘இந்த நூலகத்தில் இது கிடைக்குமா’ என்று தனக்குத்தானே கணக்குப் போட்டு, கேள்வியை வெட்டிக் குறைத்துக் கொண்டுவருகிறார். நூலகரின் காதில் விழுவது இந்தக் கடைசி நிலை மட்டுமே.

ஒரு கற்பனை உரையாடல்:

“மேடம், ஜிஎஸ்டி பற்றிப் புத்தகம் இருக்கிறதா?”

“இருக்கிறது தம்பி. எதற்காகத் தேடுகிறாய்?”

“பிராஜெக்ட்டுக்கு.”

“ஜிஎஸ்டியில் எது?”

“திருப்பூரில் அப்பா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், வரி வந்த பிறகு ஜாப் ஒர்க் ஆர்டர் குறைந்துவிட்டது என்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க வேண்டும்.”

ஜிஎஸ்டி சட்டத்தை விளக்கும் தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த மாணவர் அதை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருப்பார். அவருக்கு வேண்டியது 2017 ஜூலைக்கு முன்னும் பின்னும் பின்னலாடைத் துறையின் சிறு அலகுகள் எப்படி இருந்தன என்று அளந்து பார்த்த ஆய்வுகள். இரண்டு எதிர்க்கேள்விகளில் அது வெளியே வந்துவிட்டது. நூலகப் பயிற்றுவிப்பு முழுவதும் இந்த எதிர்க்கேள்விகளை மாணவர் தனக்குத்தானே கேட்கப் பழக்கும் வேலை என்றே சொல்லலாம்.

## கேட்க வராதவர்கள்

மேசைக்கு வந்து கேட்பவருக்கு இப்படி உதவலாம். வராதவரை என்ன செய்வது?

கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 மாணவர்களின் குறிப்புகளைத் திரட்டி 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நூலகத்தில் முதன்முதலாகத் தகவல் தேடிய அனுபவத்தை, ஒவ்வொரு வகுப்பிலும் 75 முதல் 85 சதவீதம் பேர் அச்சம் தொனிக்கும் சொற்களில் எழுதியிருந்தார்கள். கட்டடத்தின் பிரம்மாண்டம், எது எங்கே என்று தெரியாமை, எப்படித் தொடங்குவது என்ற குழப்பம் எல்லாம் அதில் இருந்தன. மெல்லன் இதற்கு நூலகப் பதற்றம் என்று பெயரிட்டார்.

அவர் கண்டதில் முக்கியமானது, பதற்றம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் விதம். மற்ற எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். தெரியாதது வெட்கக்கேடு. கேட்டால் அந்த வெட்கம் அம்பலமாகும். ஆகவே கேட்பதில்லை, கேட்காததால் தெரிந்துகொள்வதும் இல்லை.

நூலகர் வகுப்பறைக்குப் போவதற்கு வலுவான காரணம் இதுதான். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும்போது யாரும் தன் அறியாமையைக் கைதூக்கிக் காட்ட வேண்டியதில்லை. நூலகரின் முகமும் பரிச்சயமாகிவிடுகிறது. முகம் தெரிந்தவரிடம் கேட்பது எளிது. பையை வெளியே வைக்கச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ‘சத்தம் போடாதே’ என்ற பலகைக்குக் கீழே உட்காரவைக்கும் நூலகத்தில் பதற்றம் எந்தப் பக்கம் நகரும் என்பதையும் இங்கே யோசித்துக்கொள்ளலாம்.

## தனியாக நடத்திய பாடம் ஏன் ஒட்டவில்லை

வகுப்புக்குப் போவதும் அத்தனை எளிதாக வெற்றி தந்துவிடவில்லை. முதல் ஆண்டின் முதல் வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். இது பத்திரிகைப் பகுதி, இது கடன் கொடுக்குமிடம், அபராதம் இவ்வளவு. மாணவருக்கு அன்று தேடவேண்டிய தேவை எதுவும் இல்லை. தேவை இல்லாத நேரத்தில் சொன்ன வழி, தேவைப்படும் நேரத்தில் நினைவில் இருப்பதில்லை.

1960களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் பாட்ரிஷியா நாப் ஒரு சோதனை நடத்தினார். தேடும் பயிற்சியைத் தனிப் பாடமாக வைக்காமல், ஏற்கெனவே உள்ள பாடங்களின் ஒப்படைப்புகளுக்குள் (அசைன்மென்ட்) கலந்து பார்த்தார். அதில் நின்ற பாடம் இது: ஆசிரியர் முக்கியம் என்று கருதாத நூலக வேலையை மாணவரும் பொருட்படுத்துவதில்லை. இந்தியானா மாநிலத்தின் சிறிய எர்ல்ஹாம் கல்லூரியில் 1962 முதல் 1994 வரை நூலக இயக்குநராக இருந்த இவான் ஃபார்பர் இதை அன்றாட நடைமுறையாகவே ஆக்கினார். ஒப்படைப்புக் கொடுக்கப்படும் சமயத்தில் நூலகர் அந்த வகுப்புக்கு வருவார்; அந்த ஒப்படைப்புக்கு வேண்டிய கருவிகளை மட்டும் காட்டுவார். உயிரியலுக்கு வேறு, வரலாற்றுக்கு வேறு.

இன்றும் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதன் சுருக்கப்பட்ட வடிவம்: ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு வகுப்பு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திணிக்கும் இந்த முறை மீது நூலகர்களுக்கே நம்பிக்கை குறைவு. ஆனாலும் ஆசிரியர் விட்டுக்கொடுப்பது அவ்வளவுதான் என்பதால் அது தொடர்கிறது.

## அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது

அதே திருப்பூர் மாணவரை வைத்தே பார்க்கலாம்.

முதலில் சொற்கள். திருப்பூர் என்பதை ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் தேடினால் மற்றதில் எழுதப்பட்டவை கண்ணில் படாமலே போகும். ஊரில் பனியன் கம்பெனி என்பதை ஆய்வாளர் ஒருவர் பின்னலாடை என்பார், இன்னொருவர் ஓசியரி என்பார், மூன்றாமவர் ஆயத்த ஆடைத் தொகுப்பு என்பார். ஒரே பொருளுக்கான மாற்றுச் சொற்களை ‘அல்லது’ (OR) என்ற கட்டளையால் இணைக்க வேண்டும். வெவ்வேறு கருத்துகளை ‘மற்றும்’ (AND) என்ற கட்டளையால் இணைக்க வேண்டும். முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். இதைச் சொல்லித்தர பத்து நிமிடம் போதும். தெரியாதவர் பல மணி நேரம் வீணாகத் தேடிவிட்டு, தன் தலைப்பில் யாரும் எழுதவில்லை என்ற முடிவோடு எழுந்து போவார்.

அடுத்தது எடைபோடுதல். இதில் பழைய பாடம் ஒன்று மாறியிருக்கிறது. ஓர் இணையப் பக்கத்தை நம்பலாமா என்று அறிய, எழுதியவர் யார், தேதி என்ன, பிழை இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்க்கச் சொல்லித்தந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்று அறிஞர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மாணவர்கள் மட்டுமல்லாமல் வரலாற்று அறிஞர்களும் அழகான வடிவமைப்பிலும் கம்பீரமான பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்தார்கள். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதைப் போன்றது இது. இப்போது நூலக வகுப்புகளில் இந்தப் பக்கவாட்டு வாசிப்பைக் கற்பிக்கிறார்கள்.

மூன்றாவது, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சேர்ந்த தலைவலி. எங்குமே இல்லாத ஒரு கட்டுரைக்கு இத்தகைய கருவிகள் ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாகக் கொடுத்துவிடக்கூடும். 2023-இல் நியூயார்க்கில் விமான நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில், கருவி உருவாக்கிக் கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வழக்கறிஞர்களே விழுந்த குழியில் மாணவர் விழுவது வியப்பில்லை. இதற்கு வகுப்பில் சொல்லப்படும் மருந்து எளியது: கருவி தந்த தலைப்பை நூலகத் தரவுத்தளத்தில் தேடு, இதழின் அந்த இதழெண்ணைத் திறந்து அந்தப் பக்கத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று பார், கட்டுரையைத் திறந்து படிக்க முடியாதவரை மேற்கோள் காட்டாதே.

அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000-இல் தகவல் எழுத்தறிவுக்கு ஐந்து தர அளவுகளை வகுத்தது. பிறகு 2015-இல் ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட புதிய சட்டகத்தை முன்வைத்தது. ஆய்வு என்பது பலர் நீண்ட காலமாகப் பேசிக்கொண்டிருக்கும் உரையாடல், மாணவர் அதில் நடுவில் வந்து சேர்கிறார் என்பது அவற்றில் ஒன்று. மேற்கோள் காட்டுவதை மதிப்பெண்ணுக்கான சடங்காக நினைக்கும் மாணவருக்கு, முன்னால் பேசியவர் யார் என்று சொல்லிவிட்டுப் பேசுவதுதான் அது என்று விளக்க இந்த ஒரு கருத்தே போதும்.

## துணைப்பயிற்சி: பேனா யார் கையில்

1990கள் முதல் அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் அலமாரிகளைக் குறைத்து, கணினிகளும் குழுவாக அமரும் மேசைகளும் கொண்ட கூடங்களை அமைத்தன. எழுத்து உதவி மையமும் கணித உதவி மையமும் அங்கே குடியேறின. இரவு வரை திறந்திருப்பதும் எல்லாத் துறை மாணவரும் வந்து போவதும் நூலகம்தான் என்பது இதற்கு நடைமுறைக் காரணம்.

பயிற்சியாளராகும் மாணவருக்கும் பயிற்சி உண்டு. கல்லூரி வாசிப்பு, கற்றல் சங்கம் என்ற அமைப்பின் முதல்நிலைச் சான்றுக்கு 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேரத் துணைப்பயிற்சி அனுபவமும் வேண்டும். அங்கே முதலில் சொல்லித்தரும் ஒழுக்கங்களில் ஒன்று, பேனாவோ விசைப்பலகையோ கற்பவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது. பயிற்சியாளர் கணக்கைப் போட்டுக் காட்டினால் இருவருக்கும் திருப்தியாக இருக்கும். தேர்வறையில் ஒருவர்தான் உட்கார வேண்டும்.

கூர்மையான யோசனை ஒன்று 1973-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சஸ் சிட்டி வளாகத்தில் பிறந்தது. பலவீனமான மாணவர்களைப் பட்டியலிடுவதற்குப் பதிலாக, பலர் தோற்கும் பாடங்களைப் பட்டியலிட்டார்கள். முப்பது சதவீதத்துக்கு மேல் மாணவர்கள் தோற்கும், விலகும், அல்லது மிகக் குறைந்த தரம் பெறும் பாடம் என்றால், அதை ஏற்கெனவே முடித்த மாணவர் ஒருவர் மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்து, வாரந்தோறும் அனைவருக்கும் பொதுவாகக் கூட்டுப் படிப்பு நடத்துவார். கடினம் பாடத்தின் மீது ஏற்றப்படுவதால், வருகிறவருக்கு ‘மக்கு’ என்ற முத்திரை விழுவதில்லை. மெல்லன் சொன்ன வெட்கப் பூட்டுக்கு இதைவிட நல்ல சாவி கிடைப்பது அரிது.

## பலன் உண்டா

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், நூலகச் சேவையை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களின் மதிப்பெண் சராசரி, பயன்படுத்தாதவர்களைவிட உயர்ந்திருந்தது. படிப்பைத் தொடர்ந்தவர்களும் அவர்களில் அதிகம். எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய முடிவு இது. அக்கறையுள்ள மாணவர்தான் நூலகத்துக்கும் வருகிறார், நன்றாகவும் எழுதுகிறார் என்றாலும் இதே எண்கள்தான் கிடைக்கும். நூலகம் கற்பித்ததால் மட்டுமே உயர்ந்தது என்று நிறுவுவது கடினம்.

## இங்கே கணக்கு எழுதும் விதம்

இந்தியக் கல்லூரிகளைத் தரம்பிரித்த நாக் அமைப்பின் ஏழு அளவுகோல் முறையில், கற்பித்தல் இரண்டாவது அளவுகோல். நூலகம் அதில் இல்லை. நான்காவதான உள்கட்டமைப்பில், வகுப்பறைக் கட்டடங்களுக்கும் கணினிகளுக்கும் நடுவில் இருந்தது. கேட்கப்பட்டவையும் அதற்கேற்றவை: கணினிமயமாகிவிட்டதா, மின்னிதழ் சந்தா உண்டா, புத்தகத்துக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு, நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள். நூலகர் எத்தனை வகுப்பு நடத்தினார் என்பதற்கு அந்த வரிசையில் இடமிருக்கவில்லை. கேட்காததைக் கல்லூரி செய்யாது.

யுஜிசியின் 2018 விதிமுறைகளில் கல்லூரி நூலகரின் தொடக்க ஊதிய நிலை உதவிப் பேராசிரியருடையதே. தகுதியாக நெட் (தேசியத் தகுதித் தேர்வு) போன்ற தேர்வும் உண்டு. ஆசிரியருக்குச் சமமானவர் என்று காகிதம் சொல்கிறது. கால அட்டவணை சொல்வதில்லை.

அதே 2018-இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் இந்த முரணை இன்னும் கூர்மையாக்குகின்றன. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த எண்களை ஆய்வு மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். முறையாக மேற்கோள் காட்டுவது எப்படி என்று மாணவருக்கு நிறுவனம் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதைக் காண முடியவில்லை.

சந்தாத் திட்டம் தனியார் சுயநிதிக் கல்லூரிகளை முதல் கட்டத்தில் சேர்க்கவில்லை. அங்கே படிப்பவர்களுக்கும் கட்டணமின்றித் திறந்திருப்பவை சில உண்டு: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுத்திருக்கும் ஷோத்கங்கா, ஐஐடி கரக்பூர் உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம். எந்தக் கல்லூரியானாலும், நூலகரிடம் போகும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி எடுத்துச் செல்லலாம்.

1. ஆசிரியர் கொடுத்த ஒப்படைப்பின் வாசகம், சொல்லுக்குச் சொல்.
2. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு.
3. இதுவரை தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காத சொற்கள். இதை எழுதத்தான் பலருக்குக் கூச்சம். எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பது இதைப் பார்த்தால்தான் நூலகருக்குத் தெரியும்.